புதுப்பிப்பு: வாடகை வீட்டு ஹாலுக்கு நிறம் முடிவாகிவிட்டது

ஹால் இருட்டாக இருக்கிறது, என்ன பெயிண்ட் அடிக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் தூய வெள்ளை என்றீர்கள். சுவரில் ஓரடிச் சதுரமாக அடித்துப் பார்த்தோம். வடக்குப் பார்த்த ஜன்னல் என்பதால் வெள்ளை பகலிலேயே சாம்பலடித்துத் தெரிந்தது. பக்கத்தில் அடித்த வெளிர் சந்தன நிறம்தான் அறையை வெளிச்சமாகக் காட்டியது. அதையே முடிவு செய்தோம், கூரைக்கு மட்டும் வெள்ளை.

குளியலறையை ஒட்டிய சுவரில் உப்புப் பூத்திருக்கிறது. கசிவை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பட்டி, பிரைமர் எல்லாம் என்று பெயிண்டர் அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம். ஈரத்தின் மேல் எவ்வளவு விலையுள்ள எமல்ஷன் பெயிண்ட் அடித்தாலும் உரிந்துதான் வரும். பெயிண்ட் செலவை வாடகையில் கழித்துக்கொள்ள வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியே சம்மதித்தார்.

அப்புறம் சோபா. மாடிப்படித் திருப்பம் குறுகல், மேலே ஏற்ற முடியாது என்பதால் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டோம். கழற்றி மாட்டும் திவானும் இரண்டு பிரம்பு நாற்காலியும் வாங்கியாயிற்று.