புதுப்பிப்பு: ரைட்டிங் 6.5-ஐ 7 ஆக்கினால் என்ன கிடைக்கும்?

முந்தைய பதிவு: வேலூர் செவிலியர், பி.எஸ்சி. நர்சிங், மூன்றாண்டுக்கு மேல் இந்திய அனுபவம், மணமாகாதவர். ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் என்ற ஆங்கிலத் தேர்வில் லிசனிங் 8, ரீடிங் 7, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 7. கனடாவில் குடியேற மறுதேர்வு வேண்டுமா என்பது கேள்வி.

வேண்டும். ரைட்டிங் மட்டும்தான் சிஎல்பி (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 8. மற்ற மூன்றும் 9. ரைட்டிங் 7 ஆனால், கனடா குடியேற்றத்துக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி தரவரிசையில் மொழிக்கு 8 புள்ளி கூடும். அசல் லாபம் வேறிடத்தில்: நான்கும் சிஎல்பி 9 ஆனதும், மொழியோடு பட்டப்படிப்பு சேர்வதற்கான கூட்டுப் புள்ளி 13-லிருந்து 25, மொழியோடு வெளிநாட்டு (கனடாவுக்கு வெளியே பெற்ற) அனுபவம் சேர்வதற்கானது 25-லிருந்து 50. முந்தைய 8-ஐயும் சேர்த்து மொத்தம் 45 கூடும். வேலை வாய்ப்புக் கடிதத்துக்கான புள்ளிகளை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டதால் இதை விட்டால் எளிய வழி குறைவு.

ரைட்டிங்கில் டாஸ்க் 2-க்கு, அதாவது கட்டுரைக்கு, இரு மடங்கு எடை. 40 நிமிடத்தை அதற்கே வையுங்கள், 250 சொல்லுக்குக் குறையக் கூடாது. டாஸ்க் 1 கடிதத்தில் கேட்ட மூன்று குறிப்புகளில் ஒன்றை ஒரே வரியில் கடந்தால் மதிப்பெண் போகும். நண்பருக்கு எழுதும் கடிதத்தை அலுவலக நடையில் முடிப்பதும் அப்படித்தான். நம்மவர்களிடம் அதிகம் காண்பது ஆங்கில 'ஏ' (a), 'தி' (the) விடுபடுவது. கடைசி மூன்று நிமிடம் அதற்கு மட்டும். மனப்பாட வரிகளைத் திருத்துபவர் உடனே கண்டுபிடித்துவிடுவார், கோச்சிங் சென்டர் என்ன சொன்னாலும்.

மறுதேர்வில் லிசனிங் 7.5 ஆகக் குறைந்தால் அந்தக் கூட்டுப் புள்ளி உயர்வு கிடைக்காது. அதையும் விடாமல் பழகுங்கள். புதிய முடிவை எக்ஸ்பிரஸ் என்ட்ரி சுயவிவரத்தில் நீங்களே ஏற்ற வேண்டும். செல்லுபடி 2 ஆண்டு.