பக்கவாதம் வந்த அப்பாவைப் பார்த்துக்க வீட்டுக்கு ஆள்: நர்ஸா, அட்டெண்டரா?

பாளை_மகன்:
வணக்கம். அப்பாவுக்கு 74 வயது, 70 கிலோ. பக்கவாதத்தில் வலது கை, கால் விழுந்துவிட்டது. மூக்கில் ரைல்ஸ் டியூப் (வயிற்றுக்கு உணவு கொடுக்கும் குழாய்), யூரின் பேக் இரண்டோடும் இந்த வாரம் டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். வீட்டில் அம்மா மட்டும்தான். அவங்களால் அப்பாவைப் புரட்டிப்போட முடியாது. நான் பெங்களூரில் இருக்கிறேன். ஏஜென்சியில் "24 மணி நேர அட்டெண்டர்", "12 மணி நேர நர்ஸ்" என்று சொல்கிறார்கள். யாரை வைப்பது? என்ன பார்த்து எடுப்பது?

வார்டு_சிஸ்டர்:
தம்பி, காலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 6 வரை அப்பாவுக்கு என்னென்ன செய்யணும்னு முதலில் ஒரு தாளில் எழுதுங்க. ஆள் யாருங்கிறது அதிலேயே தெரிஞ்சுடும்.

டியூப் போடுவது, கதீட்டர் (யூரின் குழாய்) மாற்றுவது, ஊசி இதெல்லாம் ஏ.என்.எம். அல்லது ஜி.என்.எம். என்கிற நர்ஸ் படிப்பு படிச்சவங்க செய்ய வேண்டியது. இதுக்காக நாள் முழுக்க நர்ஸ் தேவையில்லை, வேண்டிய நாளில் வந்துபோற நர்ஸ் போதும். குளிப்பாட்ட, புரட்ட, டியூபில் கஞ்சி கொடுக்க, யூரின் பேக் காலி செய்ய நல்ல அட்டெண்டர் போதும்.

உங்க வீட்டில் சிக்கல் ராத்திரிதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றணும். "24 மணி நேர ஆள்"னு அனுப்புறது ஒரே ஆளைத்தான், அவரும் தூங்கணும் இல்லையா? பகல் பூரா வேலை பார்த்தவரை 12, 2, 4 மணிக்கு எழுப்பினா சில நாளிலேயே சொல்லாமக் கொள்ளாமப் போயிடுவார், இல்லைன்னா எழுந்திருக்கவே மாட்டார். படுக்கைப்புண் அங்கேதான் ஆரம்பிக்குது. முடிஞ்சா 12 மணி நேர ஷிப்டுக்கு இரண்டு பேர் வையுங்க. பணம் இடிச்சா, ஏர் பெட் (படுக்கைப்புண் வராமல் இருக்கப் போடும் காற்று மெத்தை) போட்டபிறகு ராத்திரி இடைவெளியை நீட்டலாமான்னு டாக்டரைக் கேளுங்க, தோலைப் பார்த்துச் சொல்வார்.

ஏர் பெட் மேல ஒரே ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு போதும். ரெக்ஸின், மடிச்ச போர்வைன்னு அடுக்கினா ஏர் பெட் போட்டே பிரயோஜனமில்லை. குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்க. இடுப்பெலும்பு, குதிகால் இரண்டையும் தினமும் பார்க்கணும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்கலைன்னா புண் ஆரம்பம். அங்கே தேய்க்கவே கூடாது.

டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே அட்டெண்டரை வார்டுக்கு வரவழைச்சு, டியூபில் ஊட்டுறதை எங்க கண் முன்னாடி செய்யச் சொல்லுங்க. மூக்கு நுனியில் டியூபில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைங்க. கோடு நகர்ந்திருந்தா ஊட்டாம நர்ஸைக் கூப்பிடணும். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துட்டு, கஞ்சி தானா இறங்கும்படி விடணும். தண்டை வைச்சுத் தள்ளக்கூடாது. ஒரு வேளைக்கு எவ்வளவுன்னு டாக்டர் எழுதித் தருவார், பெரும்பாலும் 200 மில்லி அளவில் இருக்கும். முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விடணும். முடிஞ்சதும் அரை மணி நேரமாவது படுக்க வைக்கக்கூடாது. கஞ்சியை வடிகட்டாட்டி டியூப் அடைச்சுக்கும். எல்லா மாத்திரையையும் பொடிக்க முடியாது. எது பொடிக்கலாம்னு மருந்துக்கடையில் கேட்டு எழுதி வாங்குங்க.

பிசியோ_கோவை:
சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. சர்டிபிகேட்டைப் பார்த்து ஆளை முடிவு செய்யாதீங்க, கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்க. வீல்சேரை நல்ல பக்கம், அதாவது உங்க அப்பாவுக்கு இடது பக்கம், கட்டிலை ஒட்டிச் சாய்வாப் போடுறாரா? பிரேக் போட்டாரா? கால்தட்டை விலக்கினாரா? இடுப்பில் பெல்ட் கட்டித் தூக்குறாரா? வலது கையைப் பிடிச்சு இழுத்தாலோ, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாலோ அந்த ஆள் வேண்டாம். விழுந்த கையின் தோள்மூட்டைத் தசை தாங்காது, இழுத்தா மூட்டு இறங்கிடும். அப்புறம் வலியில் பயிற்சியே செய்ய விடமாட்டார்.

70 கிலோ என்பதால் ஆண் அட்டெண்டர் நல்லது. குளிப்பாட்டும்போது அப்பாவுக்கும் கூச்சம் இருக்காது.

பாளை_மகன்:
ரொம்ப நன்றி சிஸ்டர், சார். ஏஜென்சியில் மூன்று மாத முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

தாமிரபரணி:
கொடுக்காதீங்க. ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் போனா, ஆள் சரியில்லைன்னு சொல்லும்போது உங்க பேச்சு எடுபடாது. எழுத்தில் வாங்க வேண்டியவை: ஆள் நின்னுட்டா எத்தனை நாளில் மாற்று ஆள், வார விடுமுறை எந்த நாள், அன்னைக்கு யார் வருவாங்க, சாப்பாடு யார் பொறுப்பு, பாதியில் நிறுத்தினா மீதிப் பணம் எப்போ திரும்பும். நீங்க கொடுக்குறதில் அட்டெண்டர் கைக்கு எவ்வளவு போகுதுன்னும் கேளுங்க. கைக்குக் குறைவா வந்தா ஆள் தங்கமாட்டார்.

ஆதார் நகல், போட்டோ, சொந்த ஊரில் இரண்டு பேர் போன் நம்பர் வாங்குங்க. வீட்டு வேலையாளுக்கான சரிபார்ப்பைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். சம்பளம் வங்கி வழியாகவே போகட்டும். ஏ.டி.எம். கார்டு, நகை சாவி அட்டெண்டர் கைக்குப் போகவே கூடாது. அது அவருக்கும் பாதுகாப்பு.

அம்மாவிடம் ஒன்று சொல்லி வையுங்க: வீட்டுச் சமையல், துணி துவைக்கிறது, கடைக்குப் போறது அட்டெண்டர் வேலை இல்லை. நல்ல ஆட்கள் வேலையை விட்டு நிற்கிறது பெரும்பாலும் இதனால்தான். படுக்கத் தனி இடமும் கொடுங்க.

நீங்க வெளியூர் என்பதால் ஒரு நோட்டு கட்டாயம். நேரம், கொடுத்த உணவு மில்லியில், மாத்திரை, எந்தப் பக்கம் புரட்டியது, யூரின் அளவு, மலம். தினமும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. 24 மணி நேரத்தில் யூரின் 500 மில்லிக்குக் குறைஞ்சா டாக்டரிடம் சொல்லணும். திடீர்னு நின்னுட்டா முதலில் குழாய் மடங்கியிருக்கான்னு பாருங்க. பேக் எப்பவும் இடுப்புக்குக் கீழே தொங்கணும், தரையில் படக்கூடாது. புரட்டும்போது அதை வயிற்று மேல தூக்கி வைக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, யூரின் திரும்பி உள்ளே போய்த் தொற்று வரும்.

வார்டு_சிஸ்டர்:
இன்னொன்று தம்பி. 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோவும் படுக்கையில் இருப்பவங்களுக்கான நர்ஸும் வீட்டுக்கே வர்றாங்க, காசு கிடையாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு பெயர் கொடுங்க. முதியோர் உதவிக்கு 14567 எண்ணும் இருக்கு. நாளைக்கு வார்டில் டியூப் அளவு, கதீட்டர் அளவு, இரண்டும் போட்ட தேதி கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிடுங்க. அடுத்து மாற்ற வர்ற நர்ஸ் முதலில் கேட்கிறது அதைத்தான்.