ஒரு கண்ணுல மாகுலா போச்சு, அடுத்த கண்ணுக்கும் பரவிருமா?

ஆசாரி_மகன்:
அப்பாவுக்கு 72 வயசு, கும்பகோணம் பக்கம், ஆயுசு பூரா தச்சு வேலை பாத்தவரு. போன தீபாவளிக்கு முன்னாடி ஒரு நாள் வலது கண்ண மூடிகிட்டு வாசல் நிலையப் பாத்துட்டு "எவன்டா இத அசைச்சது, நடுவுல வளைஞ்சு நிக்குது"ன்னு ஒரே சத்தம். அவரே செஞ்சு நிறுத்துன நிலைங்க அது. தூக்குக்குண்டு விட்டுக் காட்டுனா நூலும் வளையுதுங்கறாரு. அப்பதான் ஏதோ கோளாறுன்னு கூட்டிட்டுப் போனோம், இடது கண்ணுல மாகுலர் டிஜெனரேஷன், அதாவது விழித்திரையோட நடுப்பகுதி (மாகுலா) கெட்டுப்போறது, அதுலயும் ரத்தக்குழாய் கசியற வெட் டைப்புன்னு சொல்லி மூணு ஊசி போட்டாச்சு. வலது கண்ணுல "ட்ரூசன், விழித்திரைக்கு அடியில மஞ்சப் படிவு இருக்கு, பாத்துக்கலாம்"னு மட்டும் சொன்னாங்க, வெளிய நூறு பேர் நிக்கறாங்க, அதுக்கு மேல கேக்க முடியல. இப்ப பக்கத்து வீட்டுக்காரர் மெட்ராஸ் ஐ மாதிரி இதுவும் அடுத்த கண்ணுக்கு ஒட்டிக்கும்னு கிளப்பி விட்டுட்டாரு. அப்பா "இடது போனது போச்சு, ஊசிய நல்ல கண்ணுக்குப் போடச் சொல்லு"ங்கறாரு. அப்படி முன்கூட்டியே போடலாமா? பீடி வேற இன்னும் விடல.

மல்லி_சேலம்:
ஒட்டிக்கறதெல்லாம் இல்லங்க, பயப்படாதீங்க. ஆனா அலட்சியமாவும் இருக்காதீங்க. எங்கம்மாவுக்கு ஒரு கண்ணு எப்ப போச்சுன்னே எங்களுக்குத் தெரியாது, சீரியல் பாக்கறாங்க, பூ கட்டறாங்க, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஏன்னா நல்ல கண்ணு அத்தனையையும் மறைச்சிருச்சு. கண்புரை செக்கப்புக்குப் போனப்ப ஒரு கண்ணப் பொத்தினதும் எதிர்ல உக்காந்திருந்த டாக்டர் மூஞ்சி மட்டும் காணோம், காது ரெண்டும் தெரியுதுன்னாங்க. நடுவுல தழும்பே விழுந்துருச்சு, ஊசியால பெருசா பிரயோஜனம் இல்லன்னுட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அடுத்த கண்ணுல ஆரம்பிச்சப்ப கோடு லேசா நெளியுதுன்னு நாலாவது நாளே போயிட்டோம், இன்னிக்கும் அந்தக் கண்ணாலதான் பேப்பர் படிக்கறாங்க. உங்கப்பாவுக்கு ஒரு கண்ண மூடிப் பாக்கற ஆசாரி பழக்கம் இருந்துச்சே, அதுதான் காப்பாத்திருக்கு.

கண்ணாடிக்கடை:
நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வைய சோதிச்சு கண்ணாடி பவர் சொல்றவன், டாக்டர் இல்ல. ஒரு கண்ணுலேர்ந்து இன்னொரு கண்ணுக்குப் போற வியாதி இல்ல இது. ஆனா ரெண்டு கண்ணுக்கும் ஒரே வயசு, ஒரே ரத்தம், ஒரே பீடிப் புகை, அதனாலதான் அடுத்ததுலயும் வர்றது. எவ்வளவு ரிஸ்க்குங்கறது வலது கண்ணுல என்ன இருக்குங்கறதப் பொறுத்தது. அமெரிக்கால ஏரெட்ஸ்னு ஒரு பெரிய ஸ்டடி, அதுல வந்த கணக்கு சிம்பிள். உங்கப்பா இடது கண்ணு மாதிரி ஒரு கண்ணு ஏற்கனவே முத்திருச்சுன்னா 2 பாயிண்ட். இன்னொரு கண்ணுல ட்ரூசன் பெரிய சைஸா இருந்தா 1, விழித்திரை நிறமி (பிக்மென்ட்) கலைஞ்சிருந்தா இன்னொரு 1. மொத்தம் 2ன்னா அஞ்சு வருஷத்துல முத்தற வாய்ப்பு சுமார் 12 சதவீதம், 3ன்னா 25, நாலும் சேந்தா 50. நம்மாளுங்களுக்கு அச்சு அசலா இதேன்னு சொல்ல முடியாது, ஒரு அளவுக்கு வச்சுக்கலாம். அடுத்த தடவ "ட்ரூசன் பெருசா சார், பிக்மென்ட் மாற்றம் இருக்கா"ன்னு இந்த ரெண்டே கேள்வி கேளுங்க, விழித்திரைய அடுக்கடுக்கா காட்டற ஓசிடி ஸ்கேன் ரெண்டு கண்ணுக்கும் எடுக்கச் சொல்லுங்க.

நல்ல கண்ணுக்கு முன்னாடியே ஊசி போட்டா வராதுன்னு எதுவும் நிரூபணம் ஆகல. இடதுக்குப் போடற ஊசி வலதுக்குக் காவலும் இல்ல. ஆனா இடத நிறுத்தாதீங்க, நாளைக்கு வலதுல ஏதாவதுன்னா அதுதான் ஸ்டெப்னி.

தீபா77:
கேரட் ஜூஸ் தினம் குடுங்க, பொன்னாங்கண்ணியும் நல்லது. எங்க மெடிக்கல்ல கண்ணுக்குன்னே வைட்டமின் மாத்திரை இருக்கு, சீட்டே வேணாம்.

கண்ணாடிக்கடை:
தீபா மேடம், கீரை நல்லதுதான், மாத்திரை விஷயத்துல ஒரு நிமிஷம். அந்த ஏரெட்ஸ் ஸ்டடியோட பழைய மாத்திரை ஃபார்முலால பீட்டா கரோட்டின் இருந்துச்சு, புகை பிடிக்கறவங்களுக்கு அது நுரையீரல் கேன்சர் ரிஸ்க்க ஏத்தும். 2013ல வந்த ஏரெட்ஸ் 2ல அத எடுத்துட்டு லூட்டின் 10 மில்லிகிராம், ஸியாஸாந்தின் 2 மில்லிகிராம் போட்டாங்க. இவரு பீடி குடிக்கறாரு, அட்டைக்குப் பின்னாடி படிக்காம வாங்கவே கூடாது. சரியான ஃபார்முலா முத்தற வாய்ப்ப கால்வாசி குறைக்கும், போன பார்வையத் திருப்பித் தராது. டாக்டர்கிட்ட கேட்டுட்டே ஆரம்பிங்க. பீடிய விடறதுக்கு மட்டும் யார்கிட்டயும் கேக்க வேணாம்.

ஆசாரி_மகன் சார், கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாள் ஒண்ணு எடுத்து நடுவுல ஒரு புள்ளி வச்சு, படிக்கற கண்ணாடி போட்டுகிட்டு, படிக்கற தூரத்துல, ஒவ்வொரு கண்ணா மூடி புள்ளியவே பாக்கச் சொல்லுங்க. வலது கண்ணுல புதுசா கோடு வளைஞ்சாலோ ஒரு கட்டம் அழிஞ்சாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, அந்த வாரமே போங்க.

ஆசாரி_மகன்:
எல்லாருக்கும் நன்றி. வியாழக்கிழம நாலாவது ஊசிக்கு வர சம்மதிச்சிட்டாரு, ஸ்டெப்னி கதைதான் எடுபட்டுச்சு. அந்த ரெண்டு கேள்வியும் துண்டுச்சீட்டுல எழுதி வச்சிட்டேன். பீடி இன்னிக்கு நாலுல நிக்குது. நோட்டுத் தாள பீரோ கதவுல ஒட்டிக் குடுத்தேன், வலது கண்ணுக்குக் கோடெல்லாம் நேராத்தான் இருக்காம். ஆனா ஓரத்துல ஒரு கட்டம் அரை மில்லி கம்மியா அச்சடிச்சிட்டானுங்கன்னு ஸ்கேல் வச்சு அளந்து காட்டிட்டு, பென்சில எடுத்து அவரே புதுசா ஒண்ணு போட்டுகிட்டு உக்காந்திருக்காரு.