புதுப்பிப்பு: அண்ணன் குடும்பம் பத்திரம்

இயான் சூறாவளிக்கு முன் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸிலிருந்து மயாமி வந்துவிட்டோம், பக்கத்து ஊரான கேப் கோரலில் தங்கிவிட்ட அண்ணனிடமிருந்து தகவலே இல்லை என்று எழுதியிருந்தேன். அண்ணியின் குறுஞ்செய்தி வந்துவிட்டது. எல்லாரும் நலம்! கரண்ட் இல்லை, சிக்னல் தேடிப் போய் அனுப்பியிருக்கிறார்.

ஏன் கிளம்பவில்லை என்று தயவுசெய்து கேட்காதீர்கள். முதலில் புயல் வடக்கே டாம்பா பக்கம் போகும் என்றார்கள். பாதை தெற்கே நகர, எங்கள் ஊர்கள் இருக்கும் லீ கவுண்டிக்கு (மாவட்டம் மாதிரி) செப்டம்பர் 27ஆம் தேதிதான் வெளியேறும் உத்தரவு வந்தது; மறுநாளே மணிக்கு 240 கி.மீ. காற்றோடு கரையேறிவிட்டது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

எங்கள் வீடு? அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவா (NOAA) வெளியிட்ட வான்வழிப் படத்தில் கூரை முழுசாக இருக்கிறது. உள்ளே கடல்நீர் எவ்வளவு ஏறியதோ, அது படத்தில் தெரியாது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் இன்னும் போன் எடுக்கவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் சொல்லுங்கள், விலாசம் தனியே அனுப்புகிறேன்.