வீட்டிலேயே பள்ளி: மாவு, ஸ்கோர், குருவி

இழையைத் தொடங்கியவர்
அப்பா, அம்மா, பிள்ளை எல்லாரும் விரும்பிச் செய்கிற ஒரு காரியத்தை வைத்து, பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் நடத்துபவர்கள், எப்படி நடத்துவது என்று மட்டும் எழுதுங்கள். என்ன அளவு, எத்தனை மணிக்கு, எங்கே சொதப்பும் என்பது தெரிந்தால் போதும். பிள்ளையின் பெருமை வேறு இழையில்.

மாவரைப்பவர்
சமையலில் கை வைக்கப் பிடிக்கிற வீட்டுக்கு இட்லி மாவை விடச் சிறந்த அறிவியல் பாடம் கிடையாது. ஆனால் வழக்கம்போல் சாயங்காலம் அரைத்தால் பாடம் போச்சு. மாவு பொங்குகிற நேரத்தில் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். காலை 6 மணிக்கு அரைத்து முடியுங்கள். முதல் நாள் இரவே 400 கிராம் இட்லி அரிசியை வெளியில் ஊறப்போடலாம். 100 கிராம் முழு உளுந்தும் அரை டீஸ்பூன் வெந்தயமும் ஃபிரிட்ஜில் ஊறட்டும். வெளியில் ராத்திரி முழுக்க ஊறிய உளுந்து பந்து மாதிரி எழும்பாது. மிக்ஸியில் அரைப்பதானால் ஐஸ் தண்ணீர் விடுங்கள், சூடேறினால் காரியம் கெடும். உளுந்து மாவில் ஒரு சொட்டை டம்ளர் தண்ணீரில் போட்டு, மிதந்தால் கிரைண்டரை நிறுத்தலாம். அடர்த்திப் பாடம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

உப்புப் போட்டுக் கரைத்த மாவை மூன்று கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். டம்ளர் மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். வாய் அகன்ற டம்ளரில் உயரம் இரட்டிப்பானால் கொள்ளளவு அதைவிடக் கூடியிருக்கும், கணக்கு உதைக்கும். உள்விட்டம் 6 செ.மீ., மாவு 5 செ.மீ. உயரம் என்றால் சுமார் 141 மி.லி. பாதிக்கு மேல் ஊற்றினால் மேடை முழுக்க வழியும். ஒன்று ஃபிரிட்ஜில், ஒன்று மேடையில், ஒன்று ஹாட்பாக்ஸுக்குள் வெதுவெதுப்பான தண்ணீரில். அந்தத் தண்ணீர் 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். வெளியே காகித டேப் ஒட்டி, மணிக்கு ஒரு கோடு.

முதல் மூன்று நான்கு மணி நேரம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை சலித்துப்போய் கரண்டியை விட்டுக் கலக்குவது இந்த நேரத்தில்தான். கலக்கினால் குமிழி உடையும், அந்த டம்ளரின் கணக்கு அத்தோடு முடிந்தது. அந்த நேரத்துக்கு எழுத்து வேலையோ விளையாட்டோ வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கோடுகள் மளமளவென ஏறும், அப்புறம் ஓயும். வரைபடத் தாளில் குறித்தால் சாய்ந்த 'எஸ்' வடிவம் தானாக வரும். 5 செ.மீ. இருந்தது 9 ஆனால் 80 சதவீத உயர்வு.

ஆரம்பத்திலும் முடிவிலும் ஒவ்வொரு டம்ளரையும் ஒரு கிராம் காட்டுகிற தராசில் நிறுத்துங்கள். பொங்கிய மாவு கனம் கூடியிருக்கும் என்று அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். தராசு ஏறக்குறைய அதே எடையைத்தான் காட்டும். இதற்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள், அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடிக்கட்டும். எழும்ப வைப்பதில் முதல் பங்கு லியூகோநாஸ்டாக் என்கிற பாக்டீரியாவுக்கு: அமிலமும் கார்பன் டை ஆக்சைடும் விடுகிறது. உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைக்கிறது. அரிசி மாவை மட்டும் நான்காவது டம்ளரில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

செம்பருத்தி வீடு
அக்கா சொன்னதோடு ஒரு சேர்க்கை. மாவின் புளிப்பை அளக்க மஞ்சள்தூள் உதவாது. மஞ்சள் காரத்துக்குத்தான் சிவக்கும், அமிலத்தில் மஞ்சளாகவே கிடக்கும். சங்குப்பூச் சாறு எலுமிச்சையில் ஊதாவாவது பிரமாதமாக இருக்கும், மாவின் மிதமான புளிப்புக்கு அவ்வளவாக அசையாது. 4 முதல் 7 வரை நுணுக்கமாகக் காட்டுகிற பி.எச். தாள் (புளிப்பின் அளவை நிறத்தில் காட்டும் தாள், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) வாங்குங்கள். மாவைத் தொட்டு வைக்காமல், தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரில் தாளை நனைத்தால் நிறம் தெளிவாகத் தெரியும்.

காகித நுண்ணோக்கி ஃபோல்டுஸ்கோப் வைத்திருப்பவர்கள் கவனிக்க: மாவில் தெரிகிற உருண்டைகள் பாக்டீரியா இல்லை, மாவுச்சத்து மணிகள். நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விட்டால் நீலக்கறுப்பாகும். பாக்டீரியா தெரிய இன்னும் அதிக உருப்பெருக்கம் வேண்டும்.

ஓவர் கணக்கு
கிரிக்கெட் பார்க்கிற வீட்டில் பின்னத்துக்குத் தனிப் புத்தகம் எதற்கு? டிவியை ஓடவிட்டு, ஸ்கோரைப் பிள்ளை கையால் எழுதட்டும். 12.4 ஓவரில் 87 ரன். ரன் ரேட், அதாவது ஓவருக்குச் சராசரி எத்தனை ரன்? கால்குலேட்டரில் 87 ÷ 12.4 போட்டால் 7.02 வரும், தப்பு. அந்தப் புள்ளி தசமப் புள்ளி இல்லை. 12 ஓவர், 4 பந்து, அதாவது 76 பந்து. 87 × 6 ÷ 76 = 6.87. திரையில் வருகிற எண்ணோடு ஒத்துப்போகும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். கணினி அட்டவணையில் போடுவதானால் ஓவருக்கு ஒரு நெடுவரிசை, பந்துக்கு ஒரு நெடுவரிசை. ஒரே நெடுவரிசையில் 12.4 என்று அடித்தால் கூட்டல் முழுக்கச் சொதப்பும், ஏனென்றால் 0.4-உம் 0.4-உம் சேர்ந்தால் இங்கே 1.2.

அடுத்த படி நெட் ரன் ரேட், அதாவது நம் அணியின் ரன் ரேட்டிலிருந்து எதிரணியின் ரன் ரேட்டைக் கழித்தது. டி20-யில் முதல் அணி 20 ஓவரில் 160, இரண்டாவது அணி 15.2 ஓவரில் 120-க்கு ஆல் அவுட். இரண்டாவது அணிக்கு 15.2 ஓவரால் வகுக்கக் கூடாது. ஆல் அவுட் ஆனால் முழு 20 ஓவரும் கணக்கில் வரும். எனவே முதல் அணிக்கு 8 - 6 = +2. 'இது நியாயமா?' என்று கேட்டு வைத்தால் ஒரு மணி நேரம் விவாதம் ஓடும், அதையே கட்டுரையாக எழுதச் சொல்லலாம்.

தையல்சிட்டு
பறவை பார்க்கிற குடும்பத்துக்கு: தினமும் ஒரே இடம், ஒரே நேரம், சரியாக 15 நிமிடம். ஒரு நாள் 5 நிமிடம், மறுநாள் முக்கால் மணி என்றால் இரண்டையும் ஒப்பிட முடியாது. அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதுங்கள், காக்கை மைனா உட்பட. அபூர்வமானதை மட்டும் எழுதினால் சதவீதம் பொய் சொல்லும். 20 பட்டியலில் 14-இல் செண்பகம் என்றால் 70 சதவீதம். பொங்கல் விடுமுறையில் நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும் இதே முறையில் இ-பேர்டு என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் பட்டியல் ஏற்றலாம்.

பைனாகுலர் வாங்குமுன் ஒன்று. சிறு பிள்ளையின் இரண்டு கண்ணும் நெருக்கமாக இருக்கும். குழல்கள் அந்த அளவுக்கு மடங்காவிட்டால் அதற்குத் தெரிவது இரண்டு கறுப்பு வட்டம் மட்டுமே. 'பிள்ளைக்குப் பறவையில் ஆர்வமில்லை' என்று நாம் முடிவுகட்டிவிடுவோம். கடையில் பிள்ளையின் கண்ணில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தேர்வுப் பக்கம்
எல்லாவற்றையும் இட்லிக்குள் திணிக்காதீர்கள். வாய்ப்பாடு, கையெழுத்து, சந்தி, நீள்வகுத்தல் எல்லாம் ஆர்வத்தின் வழியாகத் தானாக வராது. அதற்கு தினமும் அரை மணி நேரம், நேரடிப் பயிற்சி. பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத உதவுகிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.) நடத்துகிற பத்தாம் நிலைக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும், குறைந்தது ஐந்து பாடம் தேற வேண்டும். அதில் மனையியலும் ஓவியமும் உண்டு, சமையல் பிடித்த பிள்ளைக்கு ஒரு பாடம் சுலபமாக அமையும். கணிதமோ அறிவியலோ எடுத்தால் பழைய வினாத்தாளை 13 வயதிலேயே காட்டிவிடுங்கள். மாவு பொங்குவதை வாயால் விளக்கத் தெரிந்த பிள்ளை, அதையே மூன்று மதிப்பெண்ணுக்கு நாலு வரியில் எழுதத் தெரியாமல் முழிப்பது சாதாரணமாக நடக்கிறது.