ஜிம் மாஸ்டர் ஆக என்ன படித்திருக்க வேண்டும்? 150 கேள்விக்காரருக்குப் பதில்

கர்லாக்கட்டை (இரவு 8.40)
புரோட்டீன் பவுடர் இழையில் நேற்று ஃபிட்கார்த்தி எழுதியது இது: "ஏஸ் சான்றிதழ் இல்லாத மாஸ்டரிடம் உடம்பைக் கொடுப்பது, லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறுவதற்குச் சமம். நான் 150 கேள்வி எழுதித் தேறியவன்." 26 வருடமாக ஜிம் நடத்துகிறவனுக்கு இதைப் படித்தபின் தூக்கம் வருமா? தம்பி, ஏஸ் என்கிற அந்த அமெரிக்க உடற்பயிற்சி அமைப்பின் தேர்வில் மதிப்பெண்ணுக்குச் சேர்வது 125 கேள்விதான். மீதி 25, கேள்வி சரியாக இருக்கிறதா என்று அவர்கள் சோதித்துப் பார்க்கச் செருகியவை. என்னிடம் பழகிய பையன் எழுதியிருக்கிறான். தான் எழுதிய தேர்வில் எத்தனை கேள்வி என்றே தெரியாதவர் அடுத்தவர் முதுகெலும்பை எப்படி எண்ணுவார்?

ஃபிட்கார்த்தி (8.58)
ஐயா, கணினி முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்தவன் நான். திரையில் வந்தவை 150. எது கணக்கில் சேரும், எது சேராது என்று கேள்வியின் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். 150க்கும் மண்டையை உடைத்தாக வேண்டும். 800க்கு 500 எடுத்தால்தான் தேர்ச்சி. மூச்சும் நாடியும் நின்றவருக்கு முதலுதவி செய்யும் சி.பி.ஆர். சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். தேறிய பிறகும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 20 மணி நேரம் புதிதாகப் படித்ததைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் சான்றிதழை எப்போது புதுப்பித்தீர்கள்?

கர்லாக்கட்டை (9.03)
என் சான்றிதழ் ஜிம் சுவரில் தொங்குகிறது. மாவட்ட ஆணழகன், 1994. அதைப் புதுப்பிக்கத் தேவையில்லை, மெலிந்து போனால்தான் செல்லாது. 800க்கு 500 என்றால் நூற்றுக்கு 62. எங்கள் ஊர்ப் பள்ளியில் 62 எடுத்தவனை "அடுத்த முறை பார்க்கலாம்" என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். கேள்வி 125. அதை ஒப்புக்கொள்ளுங்கள்.

ஃபிட்கார்த்தி (9.07)
அது நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கே கிடையாது. அளவுகோல் 200இல்தான் தொடங்குகிறது. இதைக்கூடப் படிக்காமல் எழுதுகிறீர்கள். 150.

மூட்டுவலி (9.15)
இருவருக்கும் கும்பிடு. நான் காசு கொடுத்து அடிபட்ட வகை. முதலில் போன ஜிம்மில் சுவர் முழுக்க ஆங்கிலச் சான்றிதழ்கள். முதல் நாளே டெட்லிஃப்ட். பார்பெல்லைத் தூக்கும்போது என் முதுகு பூனை நெளிவது போல வளைந்திருக்கிறது. மாஸ்டரின் ஒரு கண் போனில், மறு கண் கண்ணாடியில் தெரிந்த தன் கையில். மூன்று வாரம் படுக்கை. பிறகு போன ஜிம்மில் சான்றிதழே கிடையாது, "வலித்தால்தான் வளரும்" என்பதுதான் பாடம். முழங்கால் அங்கே போயிற்று. ஆக 150 எனக்கு முதுகு, 125 எனக்கு முழங்கால்.

கர்லாக்கட்டை (9.18)
பார்த்தீர்களா, ஆங்கிலச் சான்றிதழ்! முதுகு போனது யாரால்?

மூட்டுவலி (9.19)
முழங்காலையும் படியுங்கள் ஐயா.

நர்மதா பிசியோ (9.34)
கேள்வி எண்ணிக்கையில் நீங்கள் இருவரும் சரி. எழுதுவது 150, மதிப்பெண்ணுக்குச் சேர்வது 125. முடிந்தது. இப்போது விஷயத்துக்கு வரலாமா? நம் நாட்டில் ஜிம் பயிற்சியாளருக்கு லைசென்ஸ் என்று எதுவும் கிடையாது. நாளைக்கே நான் பெயர்ப் பலகை மாட்டலாம், கேட்க ஆளில்லை. தொழில் தகுதிகளை நிலை நிலையாகப் பிரிக்கும் அரசின் தேசியத் திறன் கட்டமைப்பில் 'ஃபிட்னஸ் டிரெயினர்' என்று நான்காம் நிலைத் தகுதி ஒன்று இருக்கிறது, ஆனால் கட்டாயம் இல்லை. பாட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு, அது விளையாட்டுப் பயிற்சிக்கானது. அதை ஜிம் வாசலில் மாட்டிவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். என் கேள்வி வேறு. முதல் நாள் வருகிறவரிடம் ரத்த அழுத்தம் உண்டா, மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்கிறீர்களா? எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்கினால் அழுத்தம் சட்டென ஏறும். அப்படிச் செய்துவிட்டுத் தலைசுற்றலோடு என்னிடம் வருகிறவர்கள் குறைவில்லை.

ஃபிட்கார்த்தி (9.41)
நன்றி மேடம். இதையெல்லாம் கேட்கும் படிவத்தை நிரப்பாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. 150 என்று நீங்களும் சொல்லிவிட்டீர்கள்.

கர்லாக்கட்டை (9.42)
125 என்றுதான் அம்மா சொன்னார்.

விசில் (9.50)
நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவன் நான். 1920இல் தொடங்கியது. 31 வருடம் பள்ளியில் பி.டி. மாஸ்டர். உடற்கல்வி என்ற சொல்லையே இந்த இழையில் ஒருவரும் எழுதவில்லை. எல்லாம் அமெரிக்கா, பாட்டியாலா. மேலக்கோட்டையூரில் இதற்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருப்பதாவது தெரியுமா?

கர்லாக்கட்டை (9.55)
தெரியும் சார். உங்கள் ஆட்கள் பி.டி. வகுப்பைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்த்துவிட்டு மரத்தடியில் பேப்பர் படித்ததும் தெரியும். பையன்களுக்கு ஒழுங்காக ஒரு தண்டால் எடுக்கத் தெரியாமல் என்னிடம்தான் வருகிறார்கள்.

விசில் (9.57)
பேப்பர் படித்தவர்கள் வேறு. என்னிடம் படித்தவர்கள் மாநிலப் போட்டி வரை ஓடினார்கள். நீங்கள் எழுதியதை வாபஸ் வாங்க வேண்டும்.

ஈரோட்டான் (10.02)
கர்லாக்கட்டை அண்ணன் நியாயம் பேசுவது வேடிக்கை. திருவிழா ஆணழகன் போட்டிக்கு நடுவராக வந்து, எண்ணெய் பூசிக்கொண்டு நின்ற தன் சொந்த மாணவனுக்கு முதல் பரிசு கொடுத்தவர் இவர். நான் இரண்டாம் பரிசு. பரிசு ஒரு டிபன் கேரியர்.

கர்லாக்கட்டை (10.06)
உன் தொடை எங்கே இருந்தது? கால் பயிற்சியே செய்யாமல் மேல் உடம்பை மட்டும் ஊதிக்கொண்டு வந்தாய். கொக்கின் காலில் கோபுரத்தை வைத்தது போல நின்றாய். இப்போதும் அதே முடிவுதான் சொல்வேன்.

ஈரோட்டான் (10.08)
நடுவராக உட்கார நீங்கள் எந்தத் தேர்வு எழுதினீர்கள்? அதில் எத்தனை கேள்வி?

நர்மதா பிசியோ (10.15)
சரி, ஒரே கேள்வி. இரு மாஸ்டர்களும் கூகுளைப் பார்க்காமல் சொல்லுங்கள். உங்கள் ஜிம்மில் ஒருவர் விழுந்துவிட்டார், மூச்சும் நாடியும் இல்லை. நெஞ்சை எத்தனை முறை அழுத்தி, எத்தனை முறை மூச்சு ஊதுவீர்கள்?

ஃபிட்கார்த்தி (10.16)
30 அழுத்தம், 2 மூச்சு. நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம். பெரியவருக்குக் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழம்.

கர்லாக்கட்டை (10.24)
2011இல் என் ஜிம்மில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோவுக்குக்கூடக் காத்திருக்காமல் என் ஸ்கூட்டரில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் என் மகனை அணைத்துப் பிடிக்கச் சொல்லி ஏழு நிமிடத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இன்றும் தீபாவளிக்கு இனிப்பு அனுப்புகிறார். அதற்குப் புள்ளி கொடுப்பவர் உண்டா?

நர்மதா பிசியோ (10.26)
நல்ல காரியம். நான் கேட்டது அது இல்லையே.

ஃபிட்கார்த்தி (10.27)
பதிலைக் காணோம் பாருங்கள். ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டர் கதை.

கர்லாக்கட்டை (10.31)
தம்பி, உன்னிடம் ஒரு மாதத்துக்கு என்ன கட்டணம்? ஆளுக்கு 12,000 என்று நீயே போன மாதம் எழுதினாய். என்னிடம் 700. 12,000 வாங்குகிறவன் 30, 2 என்று மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். என்னிடம் வருகிறவர்கள் மூட்டை தூக்குகிறவர்கள், பெயிண்ட் அடிக்கிறவர்கள். உன் ஏஸ் மாஸ்டர் அவர்கள் தெருவுக்கு வருவாரா?

ஃபிட்கார்த்தி (10.33)
கட்டணம் பற்றிப் பேச்சே வரவில்லை. 700 ரூபாய்க்காரருக்கும் முதுகு ஒன்றுதான்.

மூட்டுவலி (10.36)
எனக்கு அந்த ஒன்றும் சரியில்லை.

விசில் (10.40)
வாபஸ் இன்னும் வரவில்லை.

கர்லாக்கட்டை (10.52)
தேர்வு எழுதிய அந்தப் பையனுக்குப் போன் செய்து கேட்டுவிட்டேன். 125 என்றுதான் சொன்னான். நாளைக் காலை ஐந்தரைக்கு ஜிம் திறக்க வேண்டும், அதனால் படுக்கிறேன். ஈரோட்டானே, அந்த டிபன் கேரியர் வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடு.

ஈரோட்டான் (10.53)
அதன் மூடியே சேராது.

ஃபிட்கார்த்தி (10.58)
150.