கார்டு கொடுத்தா வாங்கிக்கிறாங்க, போன்தான் வரல (மன்னார்குடி, கணக்கு வேலை)

மன்னை_பேரேடு:

வணக்கம். சென்னையில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலை பார்த்துட்டு இருந்தேன். கல்யாணமாகி மன்னார்குடி வந்தாச்சு. ஜிஎஸ்டி பிராக்டிஷனர் (வியாபாரிங்களுக்காக ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறவங்க) பரீட்சை பாஸ் பண்ணி, வீட்டு முன்ரூம்ல மேஜை போட்டு உட்கார்ந்திருக்கேன்.

விசிட்டிங் கார்டு ஆயிரம் அடிச்சோம். வழவழன்னு ரெண்டு பக்கமும் லேமினேஷன், இங்கிலீஷ்ல பேரு, பின்பக்கம் நான் செய்யிற பத்துப் பன்னிரண்டு வேலையும் வரிசையா. பந்தலடியில உரக்கடை, பாத்திரக்கடை, ஹார்டுவேர்னு ஏறி இறங்கினேன். எல்லாரும் மரியாதையா வாங்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில செருகிக்கிறாங்க. "யார் வீட்டு மருமக?"ன்னு விசாரிக்கிறாங்க. அதோட சரி. வந்த ஒரே போனும் ராத்திரி பத்து மணிக்கு, கணக்கு சம்பந்தமா இல்ல.

மாமனார் குடும்பத்துக்கு நடவு, அறுப்பு தவிர வியாபாரப் பழக்கம் கிடையாது. மறுபடி கார்டு அடிக்கிறதா, இல்ல விட்டுடறதா? ஊருக்குப் புதுசா வந்தவ ஆள் பழக்கம் எப்படிப் பிடிக்கிறது?

டெல்டா_ரைடர்:

கார்டெல்லாம் அந்தக் காலம் அக்கா. க்யூஆர் கோடு ஒண்ணு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஒண்ணு. முடிஞ்சுது.

அச்சாபீஸ்_குடந்தை:

தம்பி, ஸ்டேட்டஸ் வெச்சா ஏற்கெனவே நம்பர் வெச்சிருக்கறவன்தான் பார்ப்பான். தங்கச்சிக்கு வேண்டியது நம்பர் இல்லாத ஆளு.

நான் கும்பகோணத்துல அச்சாபீஸ் வெச்சிருக்கேன். அப்பா காலத்துல ட்ரெடில், இப்ப ஆஃப்செட். பத்திரிகை, பில் புக், கார்டு எல்லாம் ஓடும். கார்டு அடிக்க வர்றவங்கள்ல நிறைய பேரை மறுபடி பார்க்கிறதே இல்ல. முதல் ஆயிரமே பீரோவுல கிடக்கும். தீர்ந்துபோச்சுன்னு திரும்ப வர்றவங்க யாரு தெரியுமா? அறுப்பு வண்டி புரோக்கர், போர் போடுற ஏஜென்ட், சமையல் காண்ட்ராக்டர், நாதஸ்வர செட்டு. அவங்க கார்டு பார்க்க ஒண்ணும் லட்சணமா இருக்காது. மேல பிள்ளையார், மஞ்சள் பின்னணி, பாதி கார்டை அடைச்சுக்கிட்டு போன் நம்பர்.

ஆனா கடை கடையா ஏறிக் கொடுக்கிறவங்க இல்ல இவங்க. சமையல்காரர் கார்டு கல்யாண மண்டப மேனேஜர் டிராயர்ல இருக்கும். போர் ஏஜென்ட் கார்டு மோட்டார் ரீவைண்டிங் கடையில இருக்கும். வேலை தேவைப்படறவன் முதல்ல எந்த வாசல்ல வந்து நிப்பானோ, அந்த வாசல்ல.

உங்க வேலைக்கு அந்த வாசல் உரக்கடையோ பாத்திரக்கடையோ இல்லம்மா. அவங்களுக்கு ஏற்கெனவே ஒரு கணக்குப்பிள்ளை இருப்பார், நல்லதோ கெட்டதோ. புதுசா கடை வைக்கிறவன் எங்க போறான்? இ-சேவை மையம், பில்லிங் மிஷின் விக்கிறவர், போர்டு அடிக்கிற ஃப்ளெக்ஸ் கடை. அப்புறம் எங்க மாதிரி அச்சாபீஸ். ஜிஎஸ்டி நம்பர் போட்டு பில் புக் அடிக்க வர்றவன் நின்ன வாக்குலயே "கணக்கு யாருங்க நல்லா பார்ப்பாங்க?"ன்னு கேட்பான். அந்தக் கேள்வி எங்க காதுலதான் விழுது, உங்க காதுல விழாது. மன்னார்குடியில பில் புக் அடிக்கிற அச்சாபீஸ் எல்லாத்துக்கும் போய், ஆளுக்கு இருபது கார்டு கொடுத்துட்டு வாங்க. கமிஷன் கேட்டா பிறகு பேசிக்கலாம். முக்கால்வாசிப் பேர் கேட்க மாட்டோம். ஒரு நல்ல ஆளைக் காட்டிவிட்டா அந்த வாடிக்கை எங்ககிட்டயே நிக்கும், எங்க லாபம் அதுல இருக்கு.

இனி கார்டு சமாச்சாரம். ரெண்டு பக்கமும் லேமினேஷன் போட்டா பேனா பிடிக்காது. ஒரு பக்கம் மட்டும் போட்டா கார்டு வளைஞ்சுக்கும். அதனால லேமினேஷனே வேண்டாம். 300 ஜிஎஸ்எம் கனத்துல முன்பக்கம் மட்டும் பூச்சு இருக்கிற போர்டு கேளுங்க. பின்பக்கத்தை வெறுமையா விடுங்க. கொடுக்கும்போது அந்த ஆளுக்குத் தேவையானதை உங்க கையாலயே ஒரு வரி எழுதிக் கொடுங்க. "ஜூன் மாச 3பி ரிட்டர்ன் பாக்கி, 20-க்குள்ள" அப்படின்னு. அச்சடிச்ச பக்கத்தைத் தூக்கிப் போடுவாங்க. கையால எழுதினதைப் போட மனசு வராது.

அடுத்தவங்க கார்டு உங்களுக்கு வந்தா அதுலயும் அன்னைக்கே எழுதிடணும்: எங்க பார்த்தது, என்ன பேச்சு. பேராவூரணிப் பக்கம் ஆடி மாசத்துல மொய் விருந்து வைப்பாங்களே, அந்த நோட்டு மாதிரி. எழுதாத மொய்யை யாரும் திருப்பிச் செய்யறதில்ல.

பேரைத் தமிழ்ல பெருசா போடுங்க, நம்பரைக் கண்ணாடி இல்லாமப் படிக்கிற அளவுல. பன்னிரண்டு வேலை வேண்டாம், "ஜிஎஸ்டி, கணக்கு" போதும். ஊர்ல எல்லாரும் உங்களை ஆடிட்டரம்மான்னுதான் கூப்பிடப் போறாங்க, கூப்பிடட்டும். கார்டுல மட்டும் ஜிஎஸ்டி பிராக்டிஷனர்னே போடுங்க. சி.ஏ. படிக்காதவங்க சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்னு போட்டுக்கறது 1949-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். எங்ககிட்ட அப்படி அடிக்கச் சொல்லி வர்றவங்க உண்டு, திருப்பி அனுப்பிடுவேன்.

க்யூஆரும் போடலாம், தம்பி கோவிச்சுக்க வேண்டாம். ரெண்டு சென்டிமீட்டருக்குக் குறையாம இருக்கணும். ஓசி வெப்சைட்டுல, உள்ள இருக்கிறதைப் பின்னாடி மாத்திக்கிற மாதிரி வர்ற க்யூஆரை எடுக்காதீங்க, இலவசக் கெடு முடிஞ்சதும் பல சைட்டுல வேலை செய்யாது. நம்பரை நேரா உள்ள எழுதின கோடு எப்பவும் ஓடும்.

கடைசியா, மாமனாருக்கு வியாபாரப் பழக்கம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. குறுவைக்கு உரம் எங்க கடன் வாங்குறார்? அறுப்பு வண்டி யார் மூலமா வருது?

மன்னை_பேரேடு:

அண்ணே, இதை நான் யோசிக்கவே இல்ல. உரம் பல வருஷமா ஒரே கடை, அறுப்பு முடிஞ்சுதான் கணக்குத் தீர்ப்பாங்க. சாயங்காலம் மாமாகிட்ட கேட்டா, "அவன்கிட்ட ஏன் கார்டு கொடுக்கணும், நானே கூட்டிட்டுப் போறேனே"ங்கறார்.

ராத்திரி போன் விஷயம்தான் பயமா இருக்கு. அச்சாபீஸ்ல இருபது கார்டு கிடந்தா யார் கையில போகும்?

திருவாரூர்_தையல்:

நான் யூனிபார்ம் தைச்சுக் கொடுக்கிறேன், கார்டு எல்லா ஸ்கூல்லயும் இருக்கு. சொந்த நம்பரைக் கார்டுல போடவே போடாதீங்க சகோதரி. தொழிலுக்குத் தனி நம்பர், அதுல வாட்ஸ்அப் பிசினஸ். வேலை நேரம் குறிச்சு வெச்சுட்டா ராத்திரி வர்ற மெசேஜுக்கு அதுவே பதில் போட்டுடும். லேண்ட்லைன் இருந்தா அந்த நம்பர்லயும் வாட்ஸ்அப் பிசினஸ் திறக்கலாம், வெரிஃபிகேஷன் நம்பரை போன் கால்ல சொல்லுவாங்க. நான் அப்படித்தான் வெச்சிருக்கேன். வீட்டு போனை எடுக்கிறது எங்க மாமியார். தேவையில்லாத ஆளு ரெண்டாவது தடவை கூப்பிடுறதே இல்ல.

நெற்களம்:

நீடாமங்கலம் பக்கம் அரிசி ஆலை. நான் கார்டு வாங்குற பக்கத்துல இருந்து சொல்றேன். எங்க மேஜை டிராயர் முழுக்க கார்டுதான், ஒண்ணையும் எடுத்துப் பார்த்ததில்ல.

2022 ஜூலை 18-ல இருந்து, லேபிள் ஒட்டி சிப்பம் போட்ட அரிசிக்கு 25 கிலோ வரைக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டின்னு வந்துச்சு. எங்க வட்டாரத்துல ஒரே குழப்பம். 26 கிலோவாப் போட்டா தப்பிக்கலாமா, சில்லறையா அளந்து கொடுக்கிறதுக்கு உண்டா, ஒண்ணும் புரியல. அப்ப திருவாரூர்ல இருந்து ஒரு பையன் வந்தான். எது வரும், எது வராதுன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்து, அடியில நம்பர் போட்டுட்டுப் போயிட்டான். கார்டுகூட நீட்டல. அன்னையில இருந்து அவன்தான் எங்க கணக்கு.

அதுக்கு முன்னாடி கணக்குப் பார்த்தவர் ஜிஎஸ்டி போர்ட்டல் பாஸ்வேர்டைக் கையில வெச்சுக்கிட்டு எங்களை அலைய விட்டார். நீங்க "பாஸ்வேர்டு உங்ககிட்டயே இருக்கட்டும், போர்ட்டல்ல என்னை பிராக்டிஷனரா சேர்த்தா போதும்"னு சொல்லிப் பாருங்க. பாதி வியாபாரிக்கு அப்படி ஒரு வசதி இருக்கிறதே தெரியாது.

நேரமும் பார்த்து வாங்க. ரிட்டர்ன் கெடு வர்ற 11, 20 தேதியை ஒட்டி வந்தா எல்லாரும் எரிஞ்சு விழுவாங்க. மில்லுக்கு தை, மாசியில வந்தீங்கன்னா லாரிக்கும் லோடுமேனுக்கும் நடுவுல நிக்கணும். ஐப்பசி மழையில வாங்க, களத்துல ஒரு நெல்மணி காயாது, உட்கார்ந்து பேசலாம்.

ரிட்டயர்டு_வாத்தியார்:

அச்சாபீஸ்காரர் சொன்னதுக்கு ஆதாரம் உண்டு. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களைக் கேட்டிருக்கிறார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்த்தவர்கள் 55.6, மிக அபூர்வமாகப் பார்த்தவர்கள் 27.8. நெருங்கினவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். எட்ட இருக்கிறவரிடம்தான் புதுச்செய்தி.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். "யார் வீட்டு மருமகள்" என்று கேட்பதில் சாதி விசாரிப்பும் கலந்திருக்கிறது, இல்லையென்று பூசி மெழுக வேண்டாம். ஆனால் கணக்குப் புத்தகத்தைக் கொடுக்கிறவருக்கு, நாளைக்குத் தவறு நடந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்ற கவலையும் உண்டு. அதற்கு உங்கள் மாமனார் உடன் வருவது ஆயிரம் கார்டுக்கு மேல். முதல் தடவை மட்டும் வரட்டும். இரண்டாம் தடவை நீங்கள் தனியாகப் போங்கள். இல்லாவிட்டால் கடைசிவரை அவரிடமே கணக்குக் கேட்பார்கள்.

மன்னை_பேரேடு:

எல்லாருக்கும் நன்றி. தனி சிம் நாளைக்கே வாங்கிடறேன். அச்சாபீஸ் அண்ணே, ஆயிரம் வேண்டாம், இருநூறு மட்டும் அடிச்சுத் தருவீங்களா? பழசு பீரோவுல கிடக்கு.

அச்சாபீஸ்_குடந்தை:

இருநூறுக்கு ஆஃப்செட் கட்டாதும்மா, டிஜிட்டல்ல போட்டுடலாம். ஒரு கார்டுக்குக் கணக்குப் பார்த்தா கூடத்தான் வரும், ஆனா வீணாகாது. ஃபைலை பிடிஎஃப்பா அனுப்புங்க, வேர்டுல அனுப்பினா தமிழ் எழுத்து உடைஞ்சு கொம்பும் காலும் தனித்தனியா நிக்கும். ஆனா மன்னார்குடியிலயே அடிச்சுக்கறது உங்களுக்கு நல்லது. அந்த ஆபீஸ்காரர்கூட உட்கார்ந்து புரூஃப் பார்க்கிற அரைமணி நேரத்துலயே அவர் உங்களுக்குப் பழக்கமாயிடுவார்.